கோள்மண்டலமும் ஒளிக்கோலமும்: பொதுமக்கள் வானியலின் வரலாற்றில் ஒரு பிணக்கு

வானம் எவருக்கும் தனியுரிமையானதன்று. ஆயின் வானத்தைப் பற்றிய அறிவு மிக நீண்ட காலம் ஒரு சிலரின் உடைமையாகவே இருந்து வந்துள்ளது. பபிலோனியக் கோயில்களின் குருமார் முதல் நம் நாட்டிற் பஞ்சாங்கம் கணித்தோர் வரை, கோள்களின் நடையைக் கணித்தவர்கள் தம் கணிப்பின் முடிவுகளையே மக்களுக்கு வழங்கினர். திதியும் கிரகணமும் இன்ன நாளில் நிகழும் என்பதை மக்கள் அறிந்தனர். அவை எவ்வாறு கணிக்கப்பட்டன என்பதை அறிந்திலர். அறிவின் பயன் பரவியது, அறிவு பரவவில்லை.

இந்நிலையை மாற்றுதற்கென இருபதாம் நூற்றாண்டில் எழுந்த முயற்சிகளுள் தலையாயது, இலங்கையிற் கோள்மண்டலம் என்றும் தமிழகத்திற் கோளரங்கம் என்றும் வழங்கப்படும் நிலையமாகும். அரைக்கோள வடிவான கூரையொன்றின்கீழ், இருளில், நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே அமர்ந்து செயற்கை வானத்தைக் காணும் வாய்ப்பை அது நல்கிற்று. ஆயின் அது தோன்றி ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்திய வேளையில், அதே கூரையின்கீழ் வேறொரு காட்சி புகுந்தது. 1973ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கிறிபித் வானாய்வு நிலையத்தில், இசைக்கேற்ப அசையும் லேசர் ஒளிக்கோலங்கள் காட்டப்பட்டன. விண்மீன்களைக் காண வராத இளைஞர் இக்காட்சிக்குத் திரண்டு வந்தனர்.

அறிவுக்கென எழுப்பப்பட்ட மண்டபத்திற் கேளிக்கைக்கு இடமளித்தது முறையா என்னும் வினா அன்று தொட்டு எழுப்பப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவை அதன் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடிகள்

மனிதரைச் செயற்கை வானத்தின் உள்ளே இருத்தும் எண்ணம் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வட யேர்மனியின் கொட்டோர்ப் அரண்மனையில், மூன்று மீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடைய உட்குழிவான பூகோளமொன்று அமைக்கப்பட்டது. அதனுள்ளே நுழைந்து ஆசனத்தில் அமர்ந்தோர், உட்சுவரிற் பொறிக்கப்பட்ட விண்மீன்கள் தம்மைச் சுற்றி வருவதைக் கண்டனர். எனினும் அது கோமகனின் விருந்தினருக்குரிய வியப்பாகவே இருந்தது.

பொதுமக்களை நோக்கிய முயற்சியை நெதர்லாந்தின் பிரானெக்கர் என்னும் சிற்றூரிற் காண்கிறோம். 1774ஆம் ஆண்டு மே மாதத்தில் சந்திரனும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களும் வானில் ஒரே பகுதியிற் கூடின. இக்கூட்டத்தினாற் பூமி தன் பாதையிலிருந்து இழுக்கப்பட்டு அழியும் என்று பரப்பப்பட்ட செய்தி மக்களை அச்சுறுத்தியது. ஐஸ் ஐசிங்கா என்பவர் கம்பளி சீவும் தொழில் செய்தவர். கணிதத்தைத் தாமே கற்றவர். அச்சத்துக்கு இடமில்லை என்பதைக் கண்ணாற் காண வைக்க விரும்பிய அவர், தமது வீட்டுக் கூடத்தின் முகட்டிலேயே ஞாயிற்றுத் தொகுதியின் இயங்கும் மாதிரியொன்றை அமைத்தார். 1781ஆம் ஆண்டில் நிறைவுற்ற அம்மாதிரி, ஊசல் மணிக்கூடொன்றினால் இயக்கப்பட்டு, ஒவ்வொரு கோளையும் அதன் மெய்யான கால அளவிலேயே சுற்றச் செய்கிறது. அதிற் சனி ஒரு முறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்றும் அது இயங்கி வருகின்றது. 2023ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது.

1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் மகர இராசியிற் கோள்கள் கூடியபோது இந்தியாவில் எழுந்த அட்டக்கிரகப் பீதியை அறிந்தோர்க்கு ஐசிங்காவின் நோக்கம் எளிதில் விளங்கும். வானியலைப் பொதுவாக்கும் முயற்சியின் வேரில், மக்களை அச்சத்தினின்றும் விடுவிக்கும் கடமை இருந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அக்கடமையை ஆற்றக் காட்சியே கருவியாயிற்று என்பதும் இங்கு கருதத்தக்கது.

யேனாவிற் பிறந்த வானம்

தற்காலக் கோள்மண்டலத்தின் தோற்றம் மியூனிக் நகரின் யேர்மன் நூதனசாலையோடு தொடர்புடையது. அதன் நிறுவுநரான ஒஸ்கார் பொன் மில்லர், வானத்தின் இயக்கத்தை மக்களுக்குக் காட்டவல்ல சாதனமொன்றை அமைத்துத் தருமாறு யேனாவிலிருந்த சைஸ் ஒளியியல் நிறுவனத்தை முதல் உலகப் போருக்கு முன்னரே வேண்டியிருந்தார். பெரிய கோளமொன்றைச் சுழற்றுவதே முதலில் இருந்த எண்ணம். போர் முடிந்த பின்னர், அந்நிறுவனத்துப் பொறியியலாளரான வால்தர் பவர்ஸ்பெல்ட் இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கினார். கூரை அசையாதிருக்க, நடுவிலுள்ள ஒளியெறிகருவி சுழன்று விண்மீன்களின் ஒளிப்புள்ளிகளைக் கூரைமீது வீழ்த்தட்டும் என்பது அவரது திட்டம்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் நிறைவேறப் பல்லாண்டு உழைப்புத் தேவைப்பட்டது. விண்மீன்களின் இடங்களையும் பிரகாசத்தையும் கணித்துத் தகடுகளில் நுண்துளைகளாக இடல் வேண்டும். ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கருவிகள் அமைத்து, அவற்றின் வேறுபட்ட வேகங்களைப் பற்சில்லுகளால் ஒழுங்குபடுத்தல் வேண்டும். பரிசோதனைக்கென யேனாவிலுள்ள தொழிற்சாலையின் கூரைமீதே, இரும்புக் கம்பிகளாலான வலைச்சட்டத்தின்மேல் மெல்லிய கொங்கிறீற்றுப் பூசி 16 மீற்றர் விட்டமுள்ள அரைக்கோளம் ஒன்று எழுப்பப்பட்டது. 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் இக்கருவி மியூனிக்கிற் காட்டப்பட்டது. 1925 மே மாதத்தில் நூதனசாலையின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது நிரந்தரக் காட்சியாயிற்று. முதற் கருவி 4,500 விண்மீன்களை, மியூனிக்கின் அகலக்கோட்டிலிருந்து தோன்றுமாறு மட்டுமே காட்டியது. அடுத்து வந்த கருவியோ இரு முனைகளிலும் இரு கோளங்களைத் தாங்கி, பூமியின் எவ்விடத்திலிருந்தும் தோன்றும் வானத்தைக் காட்டவல்லதாயிற்று.

இக்கருவி காலத்தையும் வயப்படுத்தியது. ஓராண்டின் கோள் நடையைச் சில நிமிடங்களிற் காட்டலாம். ஆயிரமாண்டு முந்திய வானத்தையும் வருவிக்கலாம். எனினும் பார்வையாளர் கண்டவை உண்மையில் மின்விளக்கொன்றிலிருந்து நுண்துளைகள் வழியே வந்த ஒளிப்புள்ளிகளே. கோள்மண்டலமும் அதன் பிறப்பிலேயே ஓர் ஒளிக்காட்சி என்னும் இவ்வுண்மை, பின்னர் எழுந்த பிணக்கை ஆராயுமிடத்துத் துணையாகும்.

கிறிபித்தின் கொடை

1930ஆம் ஆண்டிற் சிக்காகோவிலே திறக்கப்பட்ட அட்லர் கோள்மண்டலம் அமெரிக்கக் கண்டத்தின் முதலாவதாகும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிறிபித் வானாய்வு நிலையம் 1935 மே 14ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் வரலாறு ஒரு தனிமனிதரின் விருப்பத்தோடு பிணைந்தது. வேல்ஸ் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பெருஞ்செல்வம் ஈட்டிய கிறிபித் ஜே. கிறிபித், 1896ஆம் ஆண்டில் 3,015 ஏக்கர் நிலத்தைப் பூங்காவுக்கென நகருக்கு வழங்கியவர். 1903ஆம் ஆண்டில் தம் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்திய குற்றத்துக்காகச் சிறை சென்றவரும் அவரே. வில்சன் மலையிலுள்ள 60 அங்குலத் தொலைகாட்டியினூடாக வானத்தைக் கண்ட அனுபவம் அவரைப் பெரிதும் பாதித்தது. அக்காட்சி எல்லா மனிதர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1912ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கான வானாய்வு நிலையம் அமைக்க 100,000 டொலர் தர முன்வந்தார். அவரது கொடையை ஏற்பதிற் பலர் தயங்கினர். 1919ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னரே, அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு அந்நிலையம் கட்டப்பட்டது.

கட்டடத்தினுள் நுழைவதற்கோ தொலைகாட்டியிற் பார்ப்பதற்கோ கட்டணமில்லை என்பது அந்நிலையத்தின் நெறியாயிற்று. கோள்மண்டலக் காட்சிக்கு மாத்திரமே சீட்டு. இவ்வமைப்பின் சிறப்பை நாம் ஊன்றி நோக்கவேண்டும். உள்ளே செயற்கை வானம். கூரைமீது 12 அங்குலச் சைஸ் தொலைகாட்டி. செயற்கை வானத்தைக் கண்டு வெளிவருபவர் சில படிகளில் ஏறி மெய்யான வானத்தைக் காணலாம். திறந்த முதல் ஐந்து நாட்களில் மாத்திரம் 13,000க்கு மேற்பட்டோர் அங்கு சென்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளுக்கு விண்மீன்களைக் கொண்டு திசையறியும் பயிற்சி அளிக்கவும், 1960களில் அப்பலோ விண்வெளிவீரரைப் பயிற்றவும் அதன் செயற்கை வானம் பயன்பட்டது.

லேசரின் வருகை

கோள்மண்டலக் கூரையைக் கலைக்குரிய அரங்காகக் காணும் எண்ணம் லேசருக்கு முற்பட்டது. 1957 முதல் 1959 வரை, சான் பிரான்சிஸ்கோவின் மொறிசன் கோள்மண்டலத்தில், திரைப்படக் கலைஞர் ஜோர்டன் பெல்சனும் இசையமைப்பாளர் ஹென்றி ஜேக்கப்சும் மின்னணு இசையோடு அசையும் ஒளிவடிவங்களை இணைத்து 'வோர்டெக்ஸ்' என்னும் நிகழ்ச்சிகளை நடத்தினர். ஆயின் அக்காலத்து விளக்குகளின் ஒளி பரந்து மங்குவது. அரைக்கோளத்தின் கருமையிற் கூரிய கோடிழுக்க வல்லதன்று.

அவ்வாற்றல் வாய்ந்த ஒளி 1960 மே 16ஆம் நாள் பிறந்தது. கலிபோர்னியாவின் மலிபுவில் அமைந்திருந்த ஹியூஸ் ஆய்வுகூடத்தில், தியடோர் மைமன் மாணிக்கப் பளிங்கிலிருந்து முதலாவது லேசர்க் கதிரைப் பெற்றார். சாதாரண விளக்கின் ஒளியலைகள் பல நிறத்தனவாய்ப் பல திசைகளிலும் ஒழுங்கின்றிச் செல்வன. லேசரின் அலைகளோ ஒரே நிறத்தனவாய், ஒன்றோடொன்று இயைந்து, ஒரே திசையிற் செல்வன. ஆகவே அது நெடுந்தொலைவு சென்றும் பெரிதும் விரியாது.

கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் எல்சா கார்மையர், இவ்வொளி கரடுமுரடான கண்ணாடிகளினூடு செல்கையில் விளையும் கோலங்களின் அழகில் ஈடுபட்டார். 1970ஆம் ஆண்டில் அவற்றைப் படம்பிடிக்கச் சென்றவர் ஐவன் டிரையர் என்னும் திரைப்படக் கலைஞர். முன்னர் கிறிபித் நிலையத்தில் வழிகாட்டியாகப் பணிபுரிந்தவர் அவர். படச்சுருள் அவ்வொளியின் தூய நிறத்தைத் தாங்காது என்பதை உணர்ந்த டிரையர், அதனை நேரிற் காட்டுவதே தகும் எனத் துணிந்தார். அவ்வாண்டின் இறுதியிற் கிறிபித் நிலையத்துக்கு முன்வைக்கப்பட்ட வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மூன்றாண்டுகள் கழித்தே இசைவு கிட்டியது. 1973 நவெம்பர் 19ஆம் நாள் 'லேசேரியம்' என்னும் நிகழ்ச்சி பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. சில வாரங்களுள் கூட்டம் பெருகிற்று. பின்னர் பிற நகரங்களின் கோள்மண்டலங்களுக்கும், 1977ஆம் ஆண்டில் இலண்டனுக்கும் அது பரவியது.

அதன் பொறிமுறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. கிரிப்தன் வாயு லேசரொன்றிலிருந்து வரும் ஒற்றைக் கதிரை அரியம் ஒன்று சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்காகப் பிரிக்கும். ஒவ்வொரு கதிரும் இரு சிறிய ஆடிகளில் மோதிக் கூரையைச் சேரும். ஓர் ஆடி கதிரை இடம் வலமாகவும், மற்றையது மேல் கீழாகவும் மிக விரைந்து அசைக்கும். கூரைமீது எக்கணத்திலும் இருப்பது ஒரு புள்ளியே. கொள்ளியை விரைந்து சுழற்றும்போது நெருப்பு வளையம் தோன்றுவதுபோல, அப்புள்ளியின் ஓட்டம் கண்ணுக்குத் தொடர்ந்த கோலமாகத் தோன்றும். கொள்ளிவட்டத்தை மெய்ப்பொருளாராய்ச்சிக்கு உவமையாக்கிய நம் மரபினருக்கு இது புதுமையன்று. நிகழ்ச்சியை இயக்குபவர் இருளில் அமர்ந்து, இசைக்கேற்பக் கோலங்களை அவ்வப்போது கையாலேயே மாற்றுவார். ஆதலின் ஒரு நாளைய காட்சி மறுநாளைய காட்சியை முற்றும் ஒத்திராது. முதலில் மேனாட்டுச் செவ்வியல் இசை பெரிதும் இடம்பெற்றது. காலப்போக்கில் றொக் இசையே மேலோங்கிற்று.

வழக்கும் மறுப்பும்

வானியலைப் பயிற்றுவோரிற் பலர் இதனை விரும்பவில்லை. கற்பித்தலுக்கென அமைந்த மண்டபம் களியாட்டக் கூடமாகிறது என்பது அவர்தம் முதற் குறை. லேசர் நிகழ்ச்சிக்கு வருவோர் விண்மீன்களை நாடி வருவதில்லை என்பது மற்றையது. ஆதரித்தோர், கட்டண வருவாய் நிலையங்களைத் தாங்குகிறது என்றும், வானியற் காட்சிக்கு ஒருபோதும் வராத இளைஞர் இதன் வாயிலாகவேனும் அவ்வாயிலை மிதிக்கின்றனர் என்றும் வாதிட்டனர்.

இரு சாராரின் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும் காட்சி என்பதையே குற்றமாகக் கொள்வது பொருந்தாது. ஐசிங்காவின் முகடும் பவர்ஸ்பெல்ட்டின் கருவியும் காட்சிகளே. நம் கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையைக் காணவே பலர் செல்கின்றனர். அதனால் விழா பொருளிழப்பதில்லை. வேடிக்கை பார்க்கச் சென்றவர் வீதியுலாவையும் காணும்வரை, வேடிக்கை விழாவுக்குத் துணைதான். வேடிக்கை முடிந்ததும் கூட்டம் கலையுமாயின், அங்கு நடந்தது விழாவாகாது.

லேசர் நிகழ்ச்சியின் மெய்யான குறை இதனாற் புலனாகும். அது தன் ஒளியின் வரலாற்றையே பார்வையாளரிடமிருந்து மறைத்தது. 1969 யூலையில் அப்பலோ 11 வீரர் சந்திரனில் எதிர்தெறி ஆடித்தொகுதி ஒன்றை வைத்துத் திரும்பினர். ஓகஸ்ற் 1ஆம் நாள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்திலிருந்து ஏவப்பட்ட லேசர் ஒளி அதில் மோதி மீண்டு வந்தது. ஒளி சென்று மீள எடுத்த நேரத்தைக் கொண்டு சந்திரனின் தூரம் அளக்கப்பட்டது. இம்முறை செம்மையுற்ற பின்னர், சந்திரன் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3.8 சதமமீற்றர் நம்மை விட்டு அகன்று செல்வது உறுதியாயிற்று. அதே மாநிலத்தில், நான்கே ஆண்டுகளின் பின்னர், அதே வகை ஒளி கிறிபித் நிலையத்தின் கூரையில் ஆடியது. அக்கூரையின்கீழ் இருந்த இளைஞருக்கு இக்கதையைச் சொல்வதற்குச் சில நிமிடங்களே போதும். ஒளிக்கோலம் வானியலுக்குப் பகையாயிருக்க வேண்டிய கட்டாயமில்லை. தன்னைக் கடந்து எதையும் சுட்டாமையே அதன் குறை.

1994ஆம் ஆண்டின் ஓர் இரவு

இவ்வளவோடு அமைந்து, குற்றத்தை லேசர்மீது மாத்திரம் சுமத்திவிடல் நேர்மையாகாது. 1994 சனவரி 17ஆம் நாள் அதிகாலை லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நேர்ந்த நில நடுக்கத்தால் நகரெங்கும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அஞ்சி வெளியே ஓடிவந்த மக்கள் தலைக்குமேல் என்றும் கண்டிராத வானமொன்றைக் கண்டனர். அந்த விசித்திரமான வானத்துக்கும் நில நடுக்கத்துக்கும் தொடர்புண்டா எனத் தொலைபேசி வாயிலாகக் கிறிபித் நிலையத்தை வினவினர் சிலர். அவர்கள் கண்டவை, மறைக்கும் மின்னொளி நீங்கியதால் வெளிப்பட்ட வழக்கமான விண்மீன்களே என்பதைத் தாம் பின்னரே உணர்ந்ததாக அந்நிலையத்தின் பணிப்பாளராயிருந்த எட் குரூப் கூறியுள்ளார்.

அந்நகரிற் கோள்மண்டலம் திறக்கப்பட்டு அப்போது 58 ஆண்டுகள் கடந்திருந்தன. தொலைபேசியில் அழைத்தோர் அங்கு ஒருபோதும் சென்றிராதவராகவும் இருக்கலாம். எனினும் செயற்கை வானத்தை உலகறிய வைத்திருந்த ஒரு நகரத்தார் மெய்யான வானத்தை அந்நியமாகக் கண்டு அஞ்சினர் என்பது சிந்தனைக்குரியது. 1774ஆம் ஆண்டிற் பிரானெக்கர் மக்களை வாட்டிய அச்சம், 220 ஆண்டுகளின் பின்னர் வேறோர் உருவில் மீண்டது. முன்னவர் வானத்தைக் கண்டும் அதன் இயல்பை அறியாமையால் அஞ்சினர். பின்னவர் அதனைக் காணாமையாலேயே அஞ்சினர்.

2002 சனவரியில், திருத்த வேலைகளுக்காகக் கிறிபித் நிலையம் மூடப்பட்டது. அத்துடன் 28 ஆண்டுகள் நீடித்த லேசர் நிகழ்ச்சியும் அங்கு முடிவுற்றது. 2006 நவெம்பரில் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டபோது லேசேரியம் அங்கு திரும்பவில்லை. கூரைமீதிருந்த தொலைகாட்டியோ நிலைத்தது. நகரின் ஒளிமூட்டத்தினூடே திங்களையும் கோள்களையும் இன்னுஞ்சில பிரகாசமான பொருள்களையுமே அது காட்டவல்லது. எனினும் வானம் தெளிந்த இரவுகளில் மக்கள் வரிசையில் நின்று, ஒருவர்பின் ஒருவராக அதிற் கண்பதித்துச் செல்கின்றனர். எவரும் பணம் கேட்பதில்லை. கிறிபித் தம் வாழ்விற் பிழை பல செய்தவர்; ஆயினும் இவ்வொன்றைச் சரியாக உணர்ந்திருந்தார்.

முடிவுரை

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1965ஆம் ஆண்டின் கைத்தொழிற் கண்காட்சிக்கெனக் கொழும்பில் ஒரு கோள்மண்டலம் எழுந்தது. பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் ஆக்கமான அதன் மடிப்புக் கொங்கிறீற்றுக் கூரையின்கீழ் நிறுவப்பட்ட கருவி, பவர்ஸ்பெல்ட்டின் கருவி பிறந்த அதே யேனா நகரிலிருந்து வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அயலிலே அது நிற்கின்றது. பாடசாலைப் பருவத்தில் அதனுள் அமர்ந்து வியந்தோர் நம்முட் பலர் இருத்தல்கூடும்.

கோள்மண்டலத்தை அளக்கும் அளவுகோல் எது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. காட்சி விண்மீனாலானதா லேசராலானதா என்பது இரண்டாவது வினா. காட்சி முடிந்து வெளியே வந்தவர் அன்றிரவு தலைநிமிர்ந்து வானத்தைப் பார்த்தாரா என்பதே முதல் வினா. கார்த்திகையையும் திருவாதிரையையும் பஞ்சாங்கத்தில் மட்டும் அறிந்து, வானிற் சுட்டிக்காட்ட இயலாதவர் நம்மிடையே பெருகி வருகின்றனர். வடக்கில் மின்சாரமின்றிக் கழிந்த போர்க்கால இரவுகளில் விண்மீன்கள் நிறைந்த வானம் நம் முற்றங்களுக்கு மேலே விரிந்திருந்தது. அக்கால வானம் தந்த அச்சம் வேறு என்பதால், அதனை நிமிர்ந்து கற்க வாய்த்தவர் சிலரே. இன்று அவ்விரவுகள் நீங்கின. ஆயின் தெருவிளக்குகளின் ஒளி ஆண்டுதோறும் மேலெழுந்து விண்மீன்களை மறைத்து வருகின்றது.

பெருஞ்செலவிற் கூரைகள் எழுப்ப நம்மால் இயலாதிருக்கலாம். சிறியதொரு தொலைகாட்டியைத் திடலில் நிறுத்தி, மாதம் ஓர் இரவேனும் வருவோர் யாவர்க்கும் வியாழனின் துணைக்கோள்களையும் சனியின் வளையத்தையும் காட்டுதல் நமது மாணவர் மன்றங்களுக்கு இயலாத செயலன்று. ஐசிங்காவிடம் இருந்தது ஒரு வீட்டு முகடு மாத்திரமே. நம்மிடம் முகடற்ற வானமே இருக்கின்றது.